ஐந்திணையை ஆற்றங்கரையில் நடத்துங்கள்: திருப்பூர் வட்டாரத் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



பத்தாம் வகுப்பில் அகப்பொருள் இலக்கணம் நடத்தும்போது கரும்பலகையில் ஓர் அட்டவணை போடுகிறீர்கள். மேலே குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து தலைப்பு. இடப்பக்கம் தெய்வத்தில் தொடங்கி மக்கள், உணவு, விலங்கு, பூ, மரம், பறவை, ஊர், நீர், பறை, யாழ், பண், தொழில் என்று கீழே இறங்கும். பிள்ளைகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதிக்கொள்கிறார்கள், மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வில் எழுதிவிடுகிறார்கள். என் மகளும் ஒரு பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நம்மூரு இதுல எங்க வருது கண்ணு?" என்று கேட்டேன். "நம்மூரு பனியன் ஊருங்கப்பா, இதுல வராது" என்றாள். சொன்னதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அந்தப் பதிலை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. எமிஸ் பதிவும், தேர்ச்சி விகிதக் கூட்டமும், நடுநடுவே வரும் பயிற்சி வகுப்பும் போக மிஞ்சும் நேரத்தில் பாடத்தை முடிப்பதே உங்களுக்குப் பெரும்பாடு என்பது தெரியும். ஆனால் தன் காலடி நிலத்தைத் தன் மொழியின் பாடத்துக்கு வெளியே நிறுத்தி ஒரு பிள்ளை வளர்வதை உங்களைத் தவிர வேறு யாராலும் சரிசெய்ய முடியாது. நான் சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்க்கும் வேலையில் இருப்பவன். இலக்கணம் முறையாகப் படித்தவன் இல்லை. நீரும் உப்பும் சாயமும் எனக்குத் தெரிந்த பாடம். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது உங்கள் அட்டவணை எனக்கு வேறு மாதிரி தெரிகிறது.

இதைச் சொல்ல முதலில் சீனத்துக்குப் போய்வர வேண்டும். நம் ஊர்களில் அக்குபஞ்சர் பார்ப்பவர்களின் அறைச் சுவரில் ஒரு படம் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஐந்து பூதங்களுக்கு ஐந்து வட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு திசை, ஒரு பருவம், ஒரு நிறம், ஒரு சுவை, ஓர் உறுப்பு. மரத்துக்குக் கிழக்கு, இளவேனில், பச்சை, புளிப்பு, கல்லீரல். நெருப்புக்குத் தெற்கு, கோடை, சிவப்பு, கசப்பு, இதயம். மண்ணுக்கு நடு, மஞ்சள், இனிப்பு, மண்ணீரல். உலோகத்துக்கு மேற்கு, இலையுதிர் காலம், வெள்ளை, காரம், நுரையீரல். நீருக்கு வடக்கு, குளிர்காலம், கருப்பு, உப்பு, சிறுநீரகம். இசையில் ஐந்து சுரம், தானியத்தில் ஐந்து, புனித மலைகளில் ஐந்து, கன்பூசியர் வழிவந்தோர் சொல்லும் நற்குணங்களில் ஐந்து, மனித உறவுகளில் ஐந்து என்று அந்த நாடு எதையும் ஐந்தாக அடுக்கிப் பார்த்தது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ட்சௌ யென் என்ற அறிஞர் இந்தக் கொள்கையை ஒழுங்குபடுத்தியவர் என்கிறார்கள். அரச வம்சங்களுக்குக்கூட ஒரு பூதம் உண்டு. சீனத்தை ஒன்றாக்கிய ச்சின் அரசு தன்னுடையது நீர் என்று அறிவித்துக் கருப்பைத் தன் நிறமாகக் கொண்டது.

நம் அட்டவணையும் இதே வேலையைத்தான் செய்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிலம் என்றால் அதற்கு ஒரு பொழுது, ஒரு பூ, ஒரு பறவை, ஒரு பறை, ஒரு தொழில், ஒரு மனநிலை. நம் முன்னோர் இப்படிக் கோத்துவைத்த காலத்தை ஒட்டி, மலைகளுக்கு அப்பால் இன்னொரு பெருங்கூட்டம் தன் உலகத்தை இதேபோலக் கோத்துக்கொண்டிருந்தது. பருவம் நான்குதான், பூதம் ஐந்தாகிவிட்டதே என்று அவர்கள் திண்டாடி, ஒவ்வொரு பருவத்தின் கடைசி 18 நாளையும் மண்ணுக்கு ஒதுக்கினார்கள். நமக்குத் திணை ஐந்து, பெரும்பொழுது ஆறு. முல்லைக்குக் கார்காலம் ஒன்று போதும் என்றும், மருதத்துக்கும் நெய்தலுக்கும் ஆறும் உரியவை என்றும் நம்மவர்கள் பகிர்ந்தார்கள். இரண்டு பக்கமும் கணக்கு இடித்திருக்கிறது, இரண்டு பக்கமும் வழி கண்டிருக்கிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது தெரிந்தால், அட்டவணை மனிதர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஒன்று என்பது புரியும்.

அதோடு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். என் வேண்டுகோள் முழுவதும் அதில்தான் நிற்கிறது. சீனத்து ஐந்து வானத்துக்கும் பொருந்தும், வயிற்றுக்கும் பொருந்தும், சிம்மாசனத்துக்கும் பொருந்தும். எந்த ஊரில் உட்கார்ந்தும் படிக்கலாம். நம் ஐந்து அப்படிப்பட்டது இல்லை. அது மண்ணைத் தொட்டுத் தொடங்குகிறது. இந்த மலையில் என்ன பூக்கிறது, இந்தக் கிணற்றில் என்ன நீர் ஊறுகிறது, இந்த ஊரார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டுத்தான் கட்டம் நிரம்புகிறது. நடந்து போய்ச் சரிபார்க்கக்கூடிய இலக்கணம் அது. அதை நாலு சுவருக்குள் மட்டும் நடத்தும்போது அதன் ஒரே பலத்தையும் எடுத்துவிடுகிறோம்.

நொய்யலோடு ஒருமுறை அட்டவணையை வைத்துப் பாருங்கள். வெள்ளியங்கிரி மலையில் ஆறு பிறக்கிறது. அருவிநீரும் சுனைநீரும் அங்கே உண்டு, மலையடிவாரத்தில் இருளர் குடிகள் உண்டு. அது குறிஞ்சி. சமவெளிக்கு இறங்கினால் பேரூர். மருதத்தின் ஊர்ப் பெயர்களில் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது பேரூர், மூதூர். மருதத்தின் மரம் காஞ்சி, நொய்யலுக்குப் பழைய பெயர் காஞ்சி மாநதி. அங்கிருந்து குளம் குளமாக நீர் நிரம்பி, வயல் வயலாகப் பாய்ந்த ஆறு அது. இந்தப் பக்கம் காங்கேயத்துக்கு வந்தால் முல்லை. கிளுவை வேலி கட்டிய கொரங்காடு, கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், அதில் மேயும் காங்கேயம் மாடு. நிரை மேய்த்தலும் ஏறு தழுவுதலும் எழுதும் பிள்ளைக்கு அந்த மாடு எந்தக் காட்டில் நிற்கிறது என்று காட்ட ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம் போதும்.

மருதத்துப் பறவைகள் வேண்டுமா? நாரையும் நீர்க்கோழியும் பார்க்க நஞ்சராயன் குளத்துக்குக் கூட்டிப்போங்கள். ஊத்துக்குளி சாலையில், நகரத்தை ஒட்டியே கிடக்கிறது. 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. உலகம் கவனித்த குளத்தை நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பஸ் ஜன்னல் வழியாகக்கூடக் கவனித்ததில்லை.

மூன்று திணை ஆயிற்று. நான்காவதுதான் என் நெஞ்சில் தைப்பது. கடலே இல்லாத இந்த மண்ணில் நெய்தல் எங்கே என்று பிள்ளைகள் கேட்டால், நீங்கள் அவர்களை ஒரத்துப்பாளையம் அணைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றுவது எப்படி என்று இங்கே லேபில் இருக்கும் எவரும் சொல்வார்கள். தண்ணீரில் கரைந்த சாயம் தானாக நூலுக்குள் போகாது. உப்பைக் கொட்டினால்தான் அது துணியை நோக்கித் தள்ளப்படும். பிறகு சோடா ஆஷ் போட்டு நிலைநிறுத்துவோம். உப்பளத்து உப்போ கிளாபர் உப்போ, எதைப் போட்டாலும் அந்த உப்பு துணியில் தங்காது. அடர்ந்த நிறம் என்றால் உப்பும் அதிகம். வேலை முடிந்ததும் போட்ட அளவு அத்தனையும் கழிவுநீரோடு வெளியே போகும். பழைய காலத்தில் நேரே ஓடைக்கும், ஓடையிலிருந்து நொய்யலுக்கும் போயிற்று.

ஈரோடு, கரூர் பக்கத்து நிலங்களுக்குப் பாசனம் தர அந்த நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டி முடிக்கப்பட்டது. ஐந்தாறு ஆண்டுக்குள் அந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று பாசனதாரர்களே கேட்கும் நிலை வந்தது. அணை கட்டித் தண்ணீர் கேட்ட கை, தண்ணீர் வேண்டாம் என்று கும்பிட்டது. கிணறுகள் உவர்த்தன. அட்டவணையில் 'நீர்' என்ற வரிசையைப் பாருங்கள்: மருதத்துக்கு மனைக்கிணறும் பொய்கையும், நெய்தலுக்கு உவர்க்கழி. நெய்தலின் நீர் மருதத்தின் கிணற்றுக்குள் ஏறிய கதை இது. பழைய புலவர்கள் இரண்டு திணைகள் ஒன்றோடொன்று கலப்பதைத் திணைமயக்கம் என்று அழகாகப் பாடினார்கள். இங்கே நடந்த மயக்கத்தில் தென்னை கருகியது.

சீனத்துச் சக்கரத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். மரம் நெருப்பை வளர்க்கும், நெருப்பு சாம்பலாகி மண்ணாகும், மண்ணில் உலோகம் விளையும், உலோகத்தில் நீர் சேரும், நீர் மரத்தை வளர்க்கும் என்பது ஒரு சுற்று. அடக்கும் சுற்று இன்னொன்று: மண் நீரைத் தடுக்கும், நீர் நெருப்பை அணைக்கும் என்று போகும். இதோடு ஒரு விதி சேர்த்திருக்கிறார்கள். அடங்க வேண்டியது அளவு மீறிப் பெருத்தால், தன்னை அடக்கும் பூதத்தையே அது திருப்பித் தாக்கும். அவர்கள் கணக்கில் நீரின் சுவை உப்பு, மண்ணின் சுவை இனிப்பு. ஒரத்துப்பாளையத்தில் நீரைத் தடுக்க நின்ற மண்ணை உப்புநீர் தின்றது. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சக்கரம் ஒன்று நம் அணைக்கட்டுக்கு இவ்வளவு பொருந்துவதைப் பார்த்து நான் திகைத்துப் போனேன்.

பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கெடுத்தவர்களே ஈடு கட்ட வேண்டும் என்பதை 2009இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத நிலை வரும்வரை எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. வேலை இழந்தவர்களின் வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை இந்த ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் வைத்துத் தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறோம். செலவு பிடித்த, பாராட்டத்தக்க வேலை அது. என் தொழிலில் எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனாலும் மீட்க முடியாத கலப்பு உப்பு கழிவாக மிஞ்சத்தான் செய்கிறது. உப்பு எங்கும் போய்விடவில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு திருப்பூர்ப் பிள்ளை "உப்பு விளைத்தல்: நெய்தல்" என்று எழுதி மதிப்பெண் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஐந்தாவது திணைக்கு எங்கும் போக வேண்டாம். அது உங்கள் வகுப்பிலேயே இருக்கிறது. தொல்காப்பியர் நிலங்களுக்குத் தெய்வம் சொல்லும்போது நான்கைத்தான் சொல்கிறார். முல்லையும் குறிஞ்சியும் மழையற்று வாடும்போது பாலை என்ற வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. ஒரு நிலம் இன்னொன்றாக மாறும் என்று தெரிந்திருந்தவர்கள் நம் முன்னோர். அந்தப் பாலைக்கு அவர்கள் கொடுத்த உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடப் போனவனுக்காகக் காத்திருப்பவளின் பாடல்கள் சங்க இலக்கியத்தில் எத்தனை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேனியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்து லைன் வீட்டில் குடியிருக்கும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஓவர்லாக் ஓட்டவும் பேக்கிங் செய்யவும் வந்தவர்களின் பிள்ளை தமிழ் எழுதப் பழகி உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பாட்டியை ஊரில் விட்டு வந்த அந்தப் பிள்ளையிடம் பாலையைப் பற்றிக் கேளுங்கள். உரையாசிரியர்கள் எழுதாத உரை கிடைக்கும்.

நீங்கள் இரண்டு காரணங்கள் சொல்லக்கூடும். பனியன் கம்பெனி, பாய்லர், ஜெனரேட்டர் என்று ஆகிவிட்ட ஊருக்குத் திணை பொருந்தாது, அது தொழில் தெரியாத காலத்து இலக்கணம் என்பது ஒன்று. இதை நான் ஏற்கமாட்டேன். இதே நொய்யலின் கரையில் சென்னிமலைப் பக்கம் கொடுமணல் இருக்கிறது. இரும்பு உருக்கிய உலைகளையும், மணிகள் செய்த தடயங்களையும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும் அங்கே தோண்டி எடுத்திருக்கிறார்கள். பதிற்றுப்பத்து அந்த ஊரின் அணிகலன்களைப் பாடியிருக்கிறது. திணைப் பாடல்கள் பாடப்பட்ட காலத்திலேயே இந்த ஆற்றங்கரை பொருள் செய்து தூரதேசத்துக்கு விற்ற கரை. ஏற்றுமதி இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

இன்னொன்று நேரம். அதற்கு என்னிடம் எளிய விடை இல்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கைமடிக்கவும் செக்கிங்குக்கும் போகும் பிள்ளைகள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் கடைசி ஆள் நீங்கள். நிலத்தைப் பற்றி அவர்கள் படிக்கும் கடைசிப் பாடங்களில் ஒன்று இந்த அட்டவணை. மேலே படிப்பவர்கள் மெர்ச்சண்டைசராகவும், டையிங் மாஸ்டராகவும், பட்டறை முதலாளியாகவும், மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியாகவும் வருவார்கள். மழை கொட்டும் ராத்திரியில் கழிவுநீர்த் தொட்டியின் வால்வைத் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்யப்போகும் கை, இன்று உங்கள் வகுப்பில் ஸ்கேல் பிடித்துக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் ஒரத்துப்பாளையத்தை ஒருமுறை பார்த்திருந்தால், முடிவு வேறாக இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே கேட்கிறேன். அகப்பொருள் பாடம் வரும் வாரத்தில் ஒரு நாளைப் பள்ளிக்கு வெளியே நடத்துங்கள். முடிந்தவர்கள் வெள்ளியங்கிரி அடிவாரத்திலிருந்து ஒரத்துப்பாளையம் வரை ஆற்றைத் தொடர்ந்து போங்கள். அது முடியாத பள்ளிகள் நஞ்சராயன் குளத்துக்குப் போய் வாருங்கள், டவுன் பஸ்ஸிலேயே போகலாம்.

திரும்பி வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊருக்கு, தன் தெருவுக்கு ஒரு கருப்பொருள் அட்டவணை எழுதட்டும். தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதட்டும். உணவு என்ற கட்டத்தில் கம்பும் சோளமும் ரேஷன் அரிசியும் வரட்டும். நீர் என்ற கட்டத்தில் பவானித் தண்ணீர், லாரித் தண்ணீர், ஆயிரம் அடி போர் என்று உள்ளது உள்ளபடி வரட்டும். பறை என்ற கட்டத்தில் நிட்டிங் மெஷின் சத்தமோ கம்பெனிச் சங்கோ வரட்டும். சிறுபொழுது என்ற இடத்தில் ஒன்றரை ஷிப்ட் முடிந்து அம்மா வீடு திரும்பும் நேரம் வரட்டும். மரம் என்ற கட்டத்தில் எழுத எதுவுமில்லை என்றால் அதைக் காலியாகவே விடச் சொல்லுங்கள். அந்தக் காலிக் கட்டத்தையும் திருத்தி மதிப்பெண் போடுங்கள். புத்தகத்து அட்டவணைக்குப் பக்கத்தில் அதை வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். அக்குபஞ்சர்காரர் சுவரில் சீனத்து ஐந்து தொங்குகிறது. நம் பள்ளிச் சுவரில் நம் ஐந்து தொங்கட்டும்.

பேருந்துச் செலவைப் பெற்றோர்கள் நாங்கள் பகிர்ந்துகொள்வோம். லீவு போட்டுக் கூடவே வரவும் சிலர் தயாராக இருக்கிறோம். சாயமும் உப்பும் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமென்றால் நானே வந்து சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஆற்றிலும் குளத்திலும் தண்ணீர் நிற்கும் நாட்களில் ஒரு தேதியை மட்டும் குறித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சாயப்பட்டறைத் தொழிலாளி,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை